தீபாவளிக்கு வேலைக்குப் போனால் இரட்டைச் சம்பளம் உண்டா?

கேள்வி: 19 ஒக்டோபர் 2024, மாலை 6.10

ஹட்டன் டவுனில் ஒரு புடவைக் கடையில் மே மாதத்திலிருந்து வேலை செய்கிறேன். நாள் சம்பளம் 1,400 ரூபாய். வரும் 31ஆம் தேதி தீபாவளி. அன்று பகல் ஒரு மணி வரை கடை திறந்திருக்கும், எல்லாரும் வரவேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். காலண்டரில் சிவப்பு எழுத்தில்தான் போட்டிருக்கிறது. சிவப்பு நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தரவேண்டும் என்கிறார் கூட வேலை செய்யும் அக்கா. முதலாளி, தீபாவளிக்கு அப்படியெல்லாம் கிடையாது என்கிறார். அவரும் தீபாவளி கொண்டாடுகிறவர்தான். முந்தாநாள் பௌர்ணமிப் போயா விடுமுறைக்கும் வந்தோம், அதே 1,400தான் கிடைத்தது. யார் சொல்வது சரி?

19 ஒக்டோபர் 2024, இரவு 9.40

தங்கச்சி, தீபாவளி விஷயத்தில் முதலாளி சொல்வது சரி. எழுதவே கசக்கிறது, ஆனால் அதுதான் நிலை.

சிவப்பு எழுத்தை நம்பாதீர்கள். அந்தத் தேதிக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டியாகச் சில குறிகள் இருக்கும், அவற்றைப் பாருங்கள். ஒன்று பொது விடுமுறை, ஒன்று வங்கி விடுமுறை, ஒன்று வர்த்தக விடுமுறை. தீபாவளிக்கு முதல் இரண்டும்தான் உண்டு. அரசாங்கக் கச்சேரிக்குப் பூட்டு, பேங்குக்குப் பூட்டு, புடவைக் கடைக்குப் பூட்டு இல்லை.

ஆனால் போயா விஷயத்தில் முதலாளி மாட்டிக்கொண்டார். அதற்கு இரட்டைச் சம்பளம் தரவேண்டும். கேளுங்கள்.

20 ஒக்டோபர் 2024, காலை 7.15

நேற்று இரவு தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் ஒரு பிழை. போயாவுக்கு இரட்டை இல்லை, ஒன்றரை. 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டம் சொல்வது அதுதான்: பௌர்ணமிப் போயா நாளில் வேலை வாங்கினால் நாள் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்கவேண்டும். உங்கள் 1,400க்கு 2,100. இரட்டை என்று போய்க் கேட்டிருந்தால் முதலாளி சிரித்திருப்பார், பழி என் தலையில் விழுந்திருக்கும்.

இரட்டை என்பது வேறு பட்டியல். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வருடத்துக்கு எட்டு நாட்கள். தைப்பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் போயாவுக்கு மறுநாள், மீலாதுன் நபி, நத்தார் (கிறிஸ்மஸ்). இந்த எட்டில் ஒன்றில் வேலை வாங்கினால் அந்த வருடம் டிசம்பர் 31க்குள் இன்னொரு நாள் சம்பளத்தோடு லீவு தரவேண்டும், அல்லது இரட்டைச் சம்பளம். தீபாவளி இந்தப் பட்டியலில் இல்லை. மகா சிவராத்திரியும் இல்லை.

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வக்கீல் இல்லை. ஹட்டன் பக்கம் ஹார்ட்வெயார் கடைகளில் பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அதற்கு முன் கொழும்பில் புடவைக் கடை. அந்தக் கதை பிறகு.

20 ஒக்டோபர் 2024, இரவு 8.30

"அது சிங்களவர் விடுமுறை, நமக்கு எப்படி ஒன்றரை?" என்று ஒருவர். அண்ணே, சட்டம் உங்கள் மதத்தைக் கேட்பதில்லை. போயாவுக்கு விகாரைக்குப் போகிறவருக்கும் ஒன்றரை, மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவருக்கும் ஒன்றரை, எங்கும் போகாமல் கடையில் நின்றவருக்குத்தான் அந்தக் காசே.

மலையகத்தில் நான் பார்த்தவரை, தீபாவளிக்குச் சண்டை போடத் தயாராக இருப்பவர்களில் பாதிப் பேருக்குப் போயாக் கணக்குத் தெரியாது. வருடத்தில் ஒரு தீபாவளி. போயா பன்னிரண்டு, சில வருடம் பதின்மூன்று. காசு எங்கே அதிகம் ஒழுகுகிறது என்று நீங்களே பாருங்கள்.

22 ஒக்டோபர் 2024, இரவு 10.05

தோட்டத்தில் எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கடைச் சட்டம் தோட்டத்துக்குப் பொருந்தாது. அங்கே 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைக் கட்டளைச் சட்டம், அதன் கீழ் தேயிலைக்கென்று ஒரு சம்பளச் சபை. 2021இல் ஆயிரம் ரூபாய் வந்ததும் அந்தச் சபை வழியாகத்தான், போன மாதம் 1,350 வந்ததும் அப்படித்தான். போயா ஒன்றரை மட்டும் எல்லா முதலாளிக்கும் பொது.

தீபாவளிக்கு எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பொகவந்தலாவைப் பக்கம், பெயர் வேண்டாம். அம்மா கொழுந்தெடுத்த காலம். தீபாவளியன்றும் மறுநாளும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் ஈ காக்கை இருக்காது, அன்றைக்கு ஆள் கூப்பிட எந்தத் துரைக்கும் தைரியம் வராது. ஆனால் நாட் சம்பளக்காரிக்கு வேலைக்குப் போகாத நாள் பேர் விழாத நாள், அதாவது சம்பளம் இல்லாத நாள். அதனால் கணக்கப்பிள்ளை ஒரு வழி சொல்வார். தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வந்து கொழுந்து எடுங்கள், அதைத் தீபாவளிக்குப் பேராகப் போட்டுவிடுகிறேன். எல்லாரும் சந்தோசமாகப் போவார்கள். எங்கள் அம்மாவும்தான். ஞாயிறு வேலைக்கு ஒன்றரைப் பேர் விழவேண்டும் என்பது அந்த ஏற்பாட்டில் காணாமல் போனது. அரை நாளைக் கொடுத்து ஒரு நாளை வாங்கிக்கொண்டோம், வாங்கிய நாளும் நம்முடையதுதான்.

தீபாவளி அட்வான்ஸையும் இதோடு குழப்பவேண்டாம். அது போனஸ் இல்லை, கடன். ஐப்பசியில் கையில் வாங்கி மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். சம்பளத் துண்டில் 'முற்பணம்' என்ற வரியைப் பார்த்து அம்மா, "போன தீபாவளிப் பலகாரம் இன்னும் தீரவில்லை" என்பார்.

24 ஒக்டோபர் 2024, இரவு 11.20

போயாவைப் பற்றி இத்தனை உறுதியாக எழுதுகிறேனே, உங்கள் கடையில் நீங்கள் ஒழுங்காகப் போட்டீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான இடத்தில் கையை வைத்துவிட்டார்.

போடவில்லை. முன்பு வேலை செய்த கடையில் லொறியில் சாமான் ஏற்றி இறக்க நான்கு பேர். ஆளுக்கு நாள் சம்பளம் 1,500. போயாவுக்கும் 1,500 என்றுதான் எழுதினேன். நான் சேரும்போது பழைய கணக்கர் கொடுத்த கொப்பியில் அப்படித்தான் இருந்தது, அதைப் பார்த்தே எழுதினேன். நான்கு பேரில் மூத்தவர் ஒருநாள் சம்பளம் எண்ணிக்கொண்டே, "தம்பி, பேக்டரியில இருக்கிற என் மகனுக்குப் போயாவுக்கு ஒன்றரை போடுறாங்களாம், நம்ம கடையில போயா வேறயா?" என்று கேட்டார். அப்போதுதான் தேடிப் படித்தேன். அதற்குள் 2022, 2023 இரண்டு வருடம் ஓடிவிட்டது.

போயாவுக்கு 750 குறைவு. பன்னிரண்டு போயா, இரண்டு வருடம், நான்கு பேர். 72,000 ரூபாய். என் கையெழுத்தில்.

25 ஒக்டோபர் 2024, காலை 6.40

கணக்கில் பிழை. 2023இல் அதி எசல என்று ஒரு போயா கூடுதலாக வந்ததால் பதின்மூன்று. ஆக இரண்டு வருடத்தில் இருபத்தைந்து. 75,000.

25 ஒக்டோபர் 2024, பகல் 12.50

சாப்பிடும்போது ஞாபகம் வந்தது. வெசாக் போயாவுக்கும் பொசன் போயாவுக்கும் கடை பூட்டு. இரண்டு வருடத்தில் நான்கு நாள் கழியும். இருபத்தொன்று, 63,000.

25 ஒக்டோபர் 2024, இரவு 9.15

இன்னும் ஒன்று. 2022 எசலப் போயா ஜூலை 13. கோட்டாபய நாட்டைவிட்டுப் போன அன்று. லொறிக்கு டீசல் இல்லை, ஒரு மூட்டையும் ஏறவில்லை. ஆக இருபது நாள், ஆளுக்கு 15,000, மொத்தம் 60,000. இனிமேல் இதைத் தொடமாட்டேன். பதினெட்டு வருடக் கணக்கர் ஒரு பெருக்கலை நான்கு தடவை எழுதியதைப் பார்த்து ஒருவர் சிரிக்கும் படம் போட்டிருக்கிறார், நியாயம்தான்.

முதலாளியிடம் சொன்னேன். "இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே" என்றார். 2024 ஜனவரியிலிருந்து ஒன்றரை போடச் சம்மதித்தார், பழைய பாக்கியில் பாதியைக் கொடுத்தார். மீதியைக் கேட்டு லேபர் ஒபிசுக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது அந்த மூத்தவர்தான் வேண்டாம் என்றார். மகள் கல்யாணத்துக்கு முதலாளி கடன் தந்திருந்தார். நானும் விட்டுவிட்டேன். பிறகு வேறு கடைக்கு மாறினேன். விட்டது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

27 ஒக்டோபர் 2024, காலை 10.30

ஞாயிறு, நேரம் இருக்கிறது, ஆறுதலாக எழுதுகிறேன்.

"அரசியலமைப்பில் மதச் சுதந்திரம் இருக்கிறது, தீபாவளிக்கு லீவு தராவிட்டால் உயர் நீதிமன்றம் போகலாம்" என்று ஒரு தம்பி சூடாக எழுதியிருக்கிறார். 10ஆம் உறுப்புரை மதச் சுதந்திரம் சொல்கிறது, 14ஆம் உறுப்புரை வழிபாட்டையும் அனுட்டானத்தையும் சொல்கிறது, உண்மைதான். ஆனால் அடிப்படை உரிமை வழக்கு என்பது 126ஆம் உறுப்புரையின் கீழ் அரசாங்கத்தின் நிருவாகச் செயலுக்கு எதிராகப் போடுவது. அதுவும் ஒரு மாதத்துக்குள். புடவைக் கடை முதலாளி அரசாங்கம் இல்லை. அவருக்கு எதிராக உங்களிடம் இருப்பது தொழில் சட்டம் மட்டும், அதில் தீபாவளி இல்லை. சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கிறோம்.

நேற்று எங்கள் கடைக்குப் பெயின்ட் கொண்டு வருகிற நானாவிடம் இதைப் பேசினேன். நாவலப்பிட்டிக்காரர். "உங்களுக்காவது பொங்கல் இருக்கு. எங்களுக்கு அந்த எட்டில் மீலாது மட்டும். நோன்புப் பெருநாளும் இல்லை, ஹஜ்ஜுப் பெருநாளும் இல்லை" என்றார். அப்போதுதான் எனக்குப் பட்டது. கிறிஸ்தவர்களுக்கு நத்தார் உண்டு, பெரிய வெள்ளி இல்லை. நமக்குப் பொங்கல் உண்டு, தீபாவளி இல்லை. யாரோ மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொன்று என்று பங்கு போட்டதுபோல இருக்கிறது. அதில் நமக்கு விழுந்தது சாமி கும்பிடுகிற பண்டிகையா உழவர் பண்டிகையா என்று கேட்டால் ஹட்டனில் நெல்லும் இல்லை வயலும் இல்லை. ஆனாலும் பொங்கலுக்கு இரட்டை உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு இல்லை.

இன்னொன்று. முஸ்லிம் அரச ஊழியர்களுக்கு நோன்பு மாதத்தில் தொழுகைக்கு ஏற்றபடி வேலை நேரத்தை மாற்ற ஒவ்வொரு வருடமும் சுற்றறிக்கை வரும். கடையில் நிற்கிறவருக்குச் சுற்றறிக்கையும் இல்லை ஒன்றும் இல்லை, முதலாளியின் மனசுதான். எங்கள் நானா நோன்பு திறக்கும் நேரத்தில் லொறியை ஓரம் கட்டிவிட்டுப் பேரீச்சம்பழம் சாப்பிடுவார்.

30 ஒக்டோபர் 2024, இரவு 11.50

பஸ் ஸ்டாண்டிலிருந்து எழுதுகிறேன். கொழும்பிலிருந்து வருகிற அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன். பஸ்ஸுக்குப் பின் பஸ்ஸாக வருகிறது, எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள், கையில் புடவைக் கடைப் பைகள்.

1993இல் நானும் இப்படித்தான் வந்து இறங்கினேன். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடை, எனக்குப் பதினெட்டு வயது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு பத்து வரை வியாபாரம், முதலாளி நம்மவர். ஷட்டர் இறங்கியதும் ஆளுக்கொரு சாரம், ஒரு சேட்டு, கவரில் கொஞ்சம் 'சந்தோசம்'. அந்தக் கவரைக் கையில் பிடித்ததும் மற்றதெல்லாம் மறந்துபோகும். அந்த வருடத்தில் எத்தனை போயாவுக்கு நின்றோம், பொங்கலுக்கு நின்றோமே அதற்கு மாற்று நாள் எங்கே என்றெல்லாம் யோசிக்க அன்றைக்கு யாருக்கு வாய் வரும்? விடிய நாலு மணிக்கு ஹட்டன் குளிரில் இறங்கும்போது அவர் கும்பிடத்தக்க மனிதராகவே தெரிந்தார். கெட்டவரும் இல்லை. அதுதான் சிக்கல்.

பஸ் வந்துவிட்டது. எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

3 நவம்பர் 2024, மாலை 5.00

தங்கச்சி தீபாவளியன்று ஒரு மணி வரை நின்றாராம். பிறகு முதலாளி, கடை அரை நாள் பூட்டியதற்காக எல்லாருக்கும் அரை நாள் கேஷுவல் லீவு எழுதிவிட்டாராம். இது சரியா என்று கேட்கிறார்.

இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்லவேண்டும், போன தடவை மாதிரி அவசரப்படக்கூடாது. கேஷுவல் லீவு என்பது சொந்த அலுவல், சுகவீனம், வேறு நியாயமான காரணம் ஆகியவற்றுக்கு ஊழியர் எடுப்பது. தீபாவளிக்கு முழு நாள் வேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தால் அதில் கழிப்பது நியாயம். ஒரு மணிக்குக் கடையைப் பூட்டியது அவருடைய முடிவு. அது உங்கள் சொந்த அலுவல் ஆகாது என்பது என் கட்சி.

முதல் வருடம் என்பதால் உங்களுக்கு மற்றவர்களுக்கு வருடத்துக்கு உள்ள ஏழு நாள் கேஷுவலும் இல்லை. முதல் வருடத்தில் இரண்டு மாதம் வேலை செய்தால் ஒரு நாள், அவ்வளவுதான். மே மாதம் சேர்ந்தவருக்கு இதுவரை சேர்ந்ததே இரண்டோ மூன்றோ. அதில் அரை நாள் போவது சின்ன விஷயம் இல்லை. வருடாந்த லீவு அடுத்த வருடம்தான் தொடங்கும். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்குப் பதினாலு நாள், ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் சேர்ந்த உங்களுக்குப் பத்து. மார்ச் மாதத்திலேயே சேர்ந்திருந்தால் நாலு நாள் கூட. இதை யாரும் வேலைக்குச் சேரும்போது சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

நியமனக் கடிதம் தந்தார்களா? கடைச் சட்டப்படி தரவேண்டும். இல்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

4 நவம்பர் 2024, இரவு 9.00

"கடிதம் கேட்டால் வேலை போகும்" என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். போகலாம். எனக்கு மாதச் சம்பளமும் பதினெட்டு வருட அனுபவமும் இருக்கிறது, உட்கார்ந்து எழுதுவது லேசு. மேலே எழுதியதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்: முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். எந்த நாள் நின்றீர்கள், எத்தனை மணிக்கு வந்தீர்கள், எவ்வளவு கொடுத்தார்கள், அன்று போயாவா. அதை எழுதி வையுங்கள். இன்றைக்குக் கேட்காவிட்டாலும் என்றைக்காவது கேட்கும்போது கையில் ஏதாவது இருக்கவேண்டும். ஜூலை, ஓகஸ்ட், செப்டம்பர், ஒக்டோபர் நான்கு போயாவுக்கும் நின்றதாகச் சொன்னீர்கள். நாளுக்கு 700 படி 2,800 ரூபாய் ஏற்கனவே நிற்கிறது.

15 நவம்பர் 2024, காலை 8.20

நேற்று தேர்தல், இன்று போயா. அண்ணன் மகன் மறுபடி ஊரில். ஓட்டுப் போடக் குறைந்தது நாலு மணி நேரமாவது சம்பளம் வெட்டாமல் லீவு தரவேண்டும், தூரத்தைப் பொறுத்து அது கூடும். நாற்பது கிலோமீற்றருக்குள் அரை நாள், நூறு வரை ஒரு நாள், நூற்றைம்பது வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள் என்று தேர்தல் நேரத்தில் அறிவிப்பார்கள். கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ஒன்றரை. முதலாளியும் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்திருக்கிறார்.

தீபாவளிக்கு நள்ளிரவில் வந்து மறுநாள் இரவே திரும்பின பையன், ஓட்டுக்குச் சம்பளத்தோடு வந்து போயாவையும் சேர்த்து வீட்டில் படுத்துத் தூங்குகிறான். அண்ணி தீபாவளிக்கு மிச்சம் வைத்திருந்த முறுக்கை இன்றைக்குத்தான் எடுத்துக் கொடுத்தார். அடுத்த தடவை தீபாவளியன்றே தேர்தல் வைக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்கிறான்.

14 டிசம்பர் 2024, இரவு 7.45

உந்துவப் போயா, சனிக்கிழமை. நேற்றுக் கார்த்திகைத் தீபம், வீட்டு வாசலில் இன்னும் சிட்டி விளக்குகள் கிடக்கின்றன. நம் கோயில் நாட்களில் எத்தனை பௌர்ணமியை ஒட்டி வருகின்றன என்று எண்ணிப் பார்த்தேன். சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம், மாசி மகம், பங்குனி உத்தரம், தைப்பூசம், கார்த்திகை. சட்டம் நமக்கென்று தராத நாளெல்லாம் புத்தர் பெயரில் வந்துகொண்டிருக்கிறது. இதை நானாவிடம் சொன்னால் கோபப்படுவார், அவருக்கு அதுவும் இல்லை.

ஒரு பெரியவர் போயா வாரத்தைப் பற்றி எழுதியிருந்தார், அதற்குப் பதில்: ஆமாம், எங்கள் தாத்தாவும் சொல்வார். 1966 தொடங்கி 1971 வரை ஞாயிற்றுக்கிழமையே வேலை நாள். வார லீவு போயாவுக்கு மாறிவிட்டது, பௌர்ணமி மட்டுமல்ல, அமாவாசையும் நடுவில் வரும் இரண்டு அட்டமியும் சேர்ந்து மாதம் நான்கு. போயாவுக்கு முதல் நாளும் லீவு. டட்லி சேனநாயக்க அரசாங்கம் கொண்டு வந்தது. நிலவு ஏழு நாளில் வந்தால் ஏழு, எட்டு நாளில் வந்தால் எட்டு, வாரத்துக்கு நீளமே கிடையாது. தாத்தா ஹட்டனில் ஒரு பலசரக்குக் கடையில் எடுபிடி. கப்பல் காரியமெல்லாம் ஞாயிறு ஓய்வு, நம் நாடு மட்டும் செவ்வாய்க்கிழமை தூங்கும் என்பார். வேதக்காரச் சனங்கள் ஞாயிறு பூசைக்குப் போக லீவு கேட்டு நின்றார்களாம். 1971இல் சிறிமாவோ அரசாங்கம் சனி ஞாயிறைத் திரும்பக் கொண்டு வந்து பௌர்ணமியை மட்டும் விடுமுறையாக வைத்தது. நான் மேலே சொன்ன ஒன்றரைச் சட்டம் பிறந்தது அந்தக் கையோடுதான்.

14 ஜனவரி 2025, இரவு 9.30

நேற்று துருத்துப் போயா, இன்று பொங்கல். அடுத்தடுத்து இரண்டு நாள், முதலாவது ஒன்றரை, இரண்டாவது இரட்டை அல்லது மாற்று நாள். கணக்கருக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

தங்கச்சி இரண்டு நாளும் அரை நாள் நின்றிருக்கிறார். புது வருடத்தில் கொப்பியைக் காட்டாமல் வாயால் மட்டும் கேட்டாராம், அந்த அக்காவும் கூட நின்றாராம். முதலாளி போயாவுக்கு ஒன்றரை இனித் தருகிறேன் என்றார், பழைய 2,800ஐப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. பொங்கலுக்கு மாற்று நாள் தருகிறேன் என்றார். எப்போது என்று கேட்டதற்கு, "வருசம் முழுக்க இருக்கே" என்றாராம்.

சட்டப்படி அவர் சொன்னதில் தப்பில்லை, டிசம்பர் 31 வரை அவருக்குத் தவணை உண்டு. வருடத்தில் முதலில் வருகிற விடுமுறை பொங்கல், ஆகவே அதிக நாள் இழுக்கக்கூடியதும் அதுதான். நத்தாருக்கு ஆறு நாள்தான் மிச்சம் இருக்கும், அதனால் அதைக் காசாகக் கொடுத்து முடிப்பார்கள். பொங்கலுக்கு நின்றவர்கள் தேதியை இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். மே மாதத்தில் கேட்டால் எந்தப் பொங்கல் என்பார்கள்.

ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) பற்றிக் கேட்டவருக்கு: விடுமுறைக்குக் கொடுக்கிற சம்பளமும் கணக்கில் சேரும், ஓவர்டைம் மட்டும் சேராது. சம்பளத்தில் நூற்றுக்கு முதலாளி 12, நீங்கள் 8. ஒன்றரையை 'ஓவர்டைம்' என்ற தலைப்பில் எழுதுகிற கணக்கர்கள் இருக்கிறார்கள். ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று உங்களுக்கு இப்போது விளங்கும். நான் எழுதவில்லை. அந்தப் பாவமாவது இல்லை.

27 பெப்ரவரி 2025, இரவு 8.10

நேற்று மகா சிவராத்திரி, கடை திறந்திருந்தது. நான் லீவு கேட்கவில்லை. பகலில் வேலை, இரவு கோயிலில் நான்கு காலப் பூசை, விடிந்து குளித்து நேரே கடைக்கு. பதினொரு மணிக்கு ஒருவர் பதினாறு மூட்டை சீமெந்து கேட்டார், நான் அறுபத்தொன்று என்று பில் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "வீடுதான் கட்டுறேன், அணை கட்டல்ல" என்றார். முதலாளி பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு, சிவராத்திரி என்றால் சொல்லியிருக்கலாமே, லீவு தந்திருப்பேனே என்றார்.

தந்திருப்பார். கேஷுவலில் ஒன்று கழித்து. எனக்கு இன்னும் ஆறு மீதி இருக்கிறது, ஒன்றைத் தீபாவளிக்கு என்று ஜனவரியிலேயே காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். இந்த வருடம் ஒக்டோபர் 20, திங்கள்.

தங்கச்சி இன்னும் மாற்று நாளை எடுக்கவில்லையாம். தேதி மார்ச் 10 என்று முதலாளி அவர் கொப்பியிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஏன் அந்தத் தேதி என்று கேட்டேன். அன்று திங்கட்கிழமை, வியாபாரம் இருக்காது என்றாராம்.